இன்னோவா பானட்டுக்கு கேஸ் ஸ்ட்ரட்: கடையில் வாங்கிய கிட்டும் அதில் மாற்ற வேண்டியிருந்ததும்

டொயோட்டா இன்னோவாவின் முதல் தலைமுறை, 2005 முதல் 2016 வரை நம் நாட்டில் விற்றது, பானட்டைத் தாங்க ஒரே ஒரு வளைந்த கம்பியைக் கொண்டது. அந்தக் கம்பியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு, தேய்மானம் இல்லை, இருபது ஆண்டு ஆனாலும் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் அகலமான அந்த இரும்பு பானட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடி வந்த வண்டியின் சூடேறிய கம்பியை மறு கையால் பிடித்து அதன் துளையில் மாட்டுவது, தோள்வலி உள்ளவர்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் எளிதான காரியமல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற காற்று வீசும் இடங்களில் சாலையோரம் பானட்டைத் திறக்க நேர்ந்தால், ஒரு பலத்த காற்று பானட்டை இன்னும் சற்று மேலே தூக்க, கம்பி துளையிலிருந்து நழுவிவிடும் வாய்ப்பும் உண்டு. இரு முனைகளிலும் பூட்டப்பட்ட கேஸ் ஸ்ட்ரட்டில், அதாவது உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தால் நீண்டு தாங்கும் குழாயில், அந்த அச்சம் இல்லை. முழுதாக நீண்ட பிறகு அதுவே பானட்டை மேலே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த வசதிக்காகவே சென்னை ஜி.பி. சாலையில் உள்ள ஒரு உதிரி அலங்காரப் பொருள் கடையில், இந்த மாடலுக்கென்றே செய்தது என்று சொல்லி விற்கப்பட்ட கிட் ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கி, அங்கேயே 500 ரூபாய் கூலியில் பொருத்தினேன். பொருளையும் பொருத்திய வேலையையும் தனித்தனியே மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஏனெனில் இரண்டின் தரமும் ஒன்றல்ல.

பெட்டிக்குள் இரண்டு ஸ்ட்ரட்டுகள், பானட் பக்கத்துக்கு இரண்டு நீண்ட தகடுகள், ஃபெண்டர் (முன் சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) பக்கத்துக்கு இரண்டு குட்டையான பிராக்கெட்டுகள், உருண்டைத் தலை கொண்ட நான்கு பால் ஸ்டட்டுகள், சில போல்ட்டுகள், வாஷர்கள் ஆகியவை இருந்தன. துளை போடத் தேவையில்லை என்பதே கிட்டின் முதன்மையான கவர்ச்சி, அது உண்மையும்கூட. நீண்ட தகடு, பானட்டைக் கீலோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கு அடியில் நுழைந்து, பானட்டின் ஓரத்தை ஒட்டி முன்னோக்கி நீள்கிறது. குட்டைப் பிராக்கெட், ஃபெண்டரை உடம்போடு பிடிக்கும் 10 நம்பர் போல்ட்டில் அமர்கிறது. தகடுகளின் கனமும் கறுப்புப் பவுடர் பூச்சும் திருப்தியளித்தன. ஸ்ட்ரட்டின் தண்டில் குரோம் பூச்சு சீராக இருந்தது, நகத்தால் வருடினால் எங்கும் தடை இல்லை. முனைகள் பிளாஸ்டிக் அல்ல, எஃகு. உருண்டையைப் பிடிக்கும் கிளிப்பும் கழன்று விழாத வகை. இந்த விலைக்கு இவ்வளவு கிடைப்பது நல்லதுதான். குழாயின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில், அது தள்ளும் விசை 350 நியூட்டன் என்று அச்சிட்டிருந்தார்கள். கிட்டின் எல்லாத் தொல்லையும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

கேஸ் ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது உயர் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜனும் சிறிதளவு எண்ணெயும். பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் அதன் இரு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஆயினும் ஒரு பக்கத்தில் தண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பளவுக்கு ஈடான விசை அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 8 மில்லிமீட்டர் தண்டுக்குப் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர். எனவே 350 நியூட்டன் தரும் ஸ்ட்ரட்டுக்குள் ஏறத்தாழ 70 பார் அழுத்தம் இருக்கும். நம் கார் டயரில் இருப்பது 2 பாரைச் சற்றுத் தாண்டியதுதான். அச்சிடப்படும் எண், 20 டிகிரி செல்சியஸில், ஸ்ட்ரட் ஏறத்தாழ முழுதாக நீண்ட நிலையில் அளக்கப்படும் விசை. உள்ளே அழுத்தும்போது வாயு நெருக்கப்படுவதால், முழுதாகச் சுருங்கிய நிலையில் விசை பொதுவாக நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடும்.

இந்த பானட்டுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை, பெட்டிகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். பானட்டை லாக்கிலிருந்து விடுவித்து, முன் விளிம்பில், லாக் கொக்கி இருக்கும் இடத்தில் தராசை மாட்டி, பானட் சற்றே மேலெழும் வரை இழுத்தால் கிடைக்கும் எண்ணைக் கீலிலிருந்து அந்த இடம் உள்ள தூரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். பானட்டின் மொத்த எடையோ அதன் ஈர்ப்பு மையமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் வண்டியில் தராசு 8 கிலோ காட்டியது, தூரம் ஒரு மீட்டர். அதாவது மூடிய நிலையில் பானட் தன் எடையால் கீலைச் சுற்றிக் கீழ்நோக்கித் தரும் திருப்புவிசை ஏறத்தாழ 78 நியூட்டன் மீட்டர். 45 டிகிரி திறந்து நிற்கும்போது அது 55 ஆகக் குறைந்துவிடும். கிட்டின் பிராக்கெட்டுகள் அமர்ந்த இடத்தை அளந்து பார்த்ததில், ஸ்ட்ரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் இடையிலான செங்குத்துத் தூரம் திறந்த நிலையில் 13 சென்டிமீட்டர், மூடிய நிலையில் 5 சென்டிமீட்டர். இந்த வடிவமைப்பு நேர்த்தியானது என்றே சொல்ல வேண்டும். மூடியிருக்கும்போது ஸ்ட்ரட் பானட்டுக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்துக்கொள்வதால் மேலே தூக்கும் வலு குறைவு, திறக்கத் திறக்க வலு கூடும்.

இந்த அளவுகளின்படி, திறந்த பானட்டைத் தாங்க ஒவ்வொரு ஸ்ட்ரட்டும் ஏறத்தாழ 210 நியூட்டன் கொடுத்தால் போதும். குளிருக்கும் காலப்போக்கில் கசியும் வாயுவுக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 250. அதற்கு மேல் ஏற்றுவது பலம் சேர்ப்பதாகத் தோன்றும், ஆனால் உண்மையில் அது தொல்லை சேர்ப்பதுதான். 350 நியூட்டன் ஸ்ட்ரட்டுடன் பானட் மூன்றில் ஒரு பங்கு திறந்ததுமே கையைவிட்டுப் பறந்து மேலேறி, கடைசியில் தடாலென்று நின்றது. கடைக்காரர் அதையே பெருமையாகக் காட்டினார். வாடிக்கையாளர்கள் விரும்புவதும் இதைத்தானாம். மூடும்போது நிலைமை நேர்மாறு. சாதாரணமாக ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டால் தன் எடையிலேயே லாக்கில் விழ வேண்டிய பானட், இப்போது பாதுகாப்புக் கொக்கியில் மட்டும் மாட்டிக்கொண்டு, முதன்மை லாக்கில் விழாமல் நின்றது. மூடும் நிலையில் முன் விளிம்பில் 8 கிலோவாக இருந்த எடை மூன்றரைக் கிலோவாகச் சுருங்கிவிட்டதே காரணம். லாக்கின் ஸ்பிரிங்கையும் ஓர ரப்பர்களையும் வெல்ல அது போதவில்லை. இஞ்சின் சூடாக இருக்கும்போது இன்னும் மோசம். கடைசியில் உள்ளங்கையால் பானட்டின் நடுவே அழுத்தித்தான் மூட வேண்டும் என்ற நிலை வந்தது. மெல்லிய தகடு அதில் குழிவிழுந்துவிடும்.

அரைகுறையாக மூடிய பானட் என்பது அழகுக் குறை மட்டுமல்ல. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பானட்டுக்கு அடியில் புகுந்து தூக்கும்போது, இரண்டாவது கொக்கி ஒன்றே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் பானட்டின் முழு எடையும் அதற்குத் துணையாக இருக்கும். தேவைக்கு மேற்பட்ட விசை கொண்ட ஸ்ட்ரட், அந்தத் துணையில் பாதிக்கு மேல் பறித்துவிடுகிறது. இந்தக் கிட்டை வாங்கி, வேறெதையும் மாற்றாமல் ஓட்டுவோர், ஒவ்வொரு முறை மூடிய பிறகும் முன் விளிம்பைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குட்டைப் பிராக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபெண்டர் என்பது உடம்பில் போல்ட் போட்டுத் தொங்கவிட்ட மெல்லிய தகடு. சுமை தாங்குவது அதன் வேலையல்ல. திறந்த நிலையில் ஸ்ட்ரட் அந்தப் பிராக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, 350 நியூட்டன் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 35 கிலோ. மெக்கானிக் வேலை பார்க்கும் நேரம் முழுவதும் அந்தச் சுமை ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்டின் மேல் நிற்கிறது. பானட்டைத் திறந்து, ஃபெண்டரின் மேல் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தபோது, பிராக்கெட் உள்ள இடத்தில் கோடு சற்றே தாழ்ந்திருந்தது. பிராக்கெட்டின் கால் இன்னும் 4 சென்டிமீட்டர் நீண்டு, உள்ளே இருக்கும் ஏப்ரன் தகட்டின் (ஃபெண்டருக்கு உட்புறமுள்ள, உடம்பின் பகுதியான தகடு) போல்ட்டையும் சேர்த்துப் பிடித்திருந்தால் இது நேர்ந்திராது. சில ரூபாய் இரும்பை மிச்சம் பிடித்த இடம் இது.

பொருத்திக் கொடுத்த வேலையைப் பற்றி நல்லதாகச் சொல்லக் கடினமாக இருக்கிறது. வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த வேகமே குற்றம். கீல் போல்ட்டுகளைத் தளர்த்துவதற்கு முன், பானட் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்வது பாடி ஷாப் பையன்கள் முதல் நாளில் கற்கும் பாடம். அது செய்யப்படவில்லை. மூடிய நிலையில் ஸ்ட்ரட்டுகள் பானட்டை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால், ஒரு பக்க போல்ட் சரியாக இறுகாத நிலையில் பானட் சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்து, ஹெட்லைட்டுக்கும் பானட்டுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் வேறுபட்டது. அடுத்து, ஸ்ட்ரட்டுகளைத் தலைகீழாக, குழாய் கீழும் தண்டு மேலுமாக மாட்டியிருந்தார்கள். தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் உள்ளே இருக்கும் எண்ணெய், தண்டைச் சுற்றி வாயு கசியாமல் தடுக்கும் சீலின் மேல் தேங்கி அதைக் காயாமல் வைத்திருக்கும்; பானட் கடைசி சில சென்டிமீட்டரில் மெதுவாக நிற்பதும் அந்த எண்ணெயால்தான். தலைகீழாக மாட்டினால் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, சீலின் ஆயுள் மட்டும் சத்தமில்லாமல் குறையும். மூன்றாவதாக, பழைய கம்பியைக் கழற்றி எடுத்துவிடலாம் என்ற யோசனை. அதை ஏற்க மறுத்துவிட்டேன். கேஸ் ஸ்ட்ரட் ஒரு நாள் வாயுவை இழக்கத்தான் போகிறது. அன்றைக்கு ஃபேன் பெல்ட்டுக்குள் கையை விட்டிருப்பவரின் தலைக்கு மேலே இருப்பது அந்தக் கம்பியாக இருந்தால் நல்லது.

வீட்டில் உட்கார்ந்து இவற்றைச் சரிசெய்வது பெரிய வேலையல்ல. பால் ஸ்டட் கிளிப்பை ஒரு சிறு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ஸ்ட்ரட் கையோடு வந்துவிடும். அதற்கு முன் பானட்டைப் பழைய கம்பியில் நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பானட் தலையில் இறங்கும். அதே நீளமும் அதே 10 மில்லிமீட்டர் உருண்டைக் குழியும் உள்ள 250 நியூட்டன் ஸ்ட்ரட்டுகள், தொழிற்சாலைகளுக்கு உதிரிகள் விற்கும் கடைகளில் சோடி 1,100 ரூபாய்க்குக் கிடைத்தன. வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு நீளங்கள். முழுதாக நீண்ட நிலையில் இரு உருண்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் பானட் எவ்வளவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. என் வண்டிக்கு அது 27 சென்டிமீட்டர் சொச்சம். மூடிய நிலையில் அந்தத் தூரம் 19 சென்டிமீட்டர். ஸ்ட்ரட் அதைவிட ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பானட் மூடும் முன்பே ஸ்ட்ரட் அடிதட்டி நின்றுவிடும், மேலும் அழுத்தினால் வளைவது பானட் அல்லது கீல். ஏப்ரன் போல்ட் வரை நீளும் இரண்டு எல் வடிவத் தகடுகளைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் 3 மில்லிமீட்டர் இரும்பில் செய்து, ஜிங்க் பிரைமர் அடித்து, கிட்டின் பிராக்கெட்டுக்கு அடியில் கொடுத்தேன். பானட் பக்கத் தகட்டின் நுனி உள்சட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டு. எல்லா நட்டுகளும் நைலான் வளையம் வைத்தவை, அதிர்வில் தளராதவை.

பலன் தெளிவாகத் தெரிந்தது. பானட்டை மூன்றில் இரண்டு பங்கு கையால் தூக்க வேண்டும், அதன் பிறகு அது தானாகவே மிதந்து மேலேறி மெதுவாக நிற்கிறது. மூடும்போது ஒரு கிலோ அளவுக்கு இழுத்தால் இறங்கத் தொடங்குகிறது. கடைசி ஒரு சாண் விட்டுவிட்டால் சரியான சத்தத்தோடு முதன்மை லாக்கில் விழுகிறது. ஃபெண்டரின் கோடு நேராக நிற்கிறது. ஒரு குறை மட்டும் உண்டு: பழைய கம்பி கொடுத்த உயரத்தைவிட இது கொஞ்சம் தாழ்வாகத்தான் திறக்கிறது. உயரமான மெக்கானிக்குகள் லாக் கொக்கியில் தலையை இடித்துக்கொள்வார்கள், அதைத் தவிர்க்க வழியில்லை.

கிட்டே வாங்காமல் முழுதும் கையால் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வண்டி உதிரிகள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில், எந்த ஹேட்ச்பேக் காரின் டிக்கி ஷாக்கும் (பின் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்பதால் எழும் ஆசை இது. டிக்கிக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து கனமானது, அதன் ஷாக்குகளும் அதற்கேற்ற விசை கொண்டவை. பெரும்பாலும் 300 நியூட்டனுக்கு மேல், நீளமும் மிக அதிகம். மேலும் கழற்றிய வண்டியின் வயது தெரியாததால் உள்ளே மிச்சமிருக்கும் வாயுவின் அளவும் தெரியாது. இரண்டில் ஒன்று சோர்ந்திருந்தால் பானட் ஒரு பக்கமாக முறுக்கப்படும். மாடுலர் கிச்சன் அலமாரிகளுக்கு வரும் 60, 80, 100, 120 நியூட்டன் ஸ்ட்ரட்டுகளை இன்னும் சிலர் முயல்கிறார்கள். சிறிய காரின் இலேசான பானட்டுக்கு அந்த எண்கள் பொருந்திப் போகலாம், ஆனால் அவற்றின் பிளாஸ்டிக் முனைகளும் சீல்களும் சமையலறைக்காகச் செய்யப்பட்டவை. இஞ்சின் அறையின் வெப்பத்தையும் டீசல் புகையையும் அவை தாங்கும் என்று நம்ப முடியாது. சாமான் வைக்கும் கட்டில்களைத் தூக்கும் ஸ்ட்ரட்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவை மெத்தையோடு பலகையையும் தூக்குபவை. பிராக்கெட்டைக் கையால் செய்வதில் தவறில்லை, சொல்லப்போனால் கிட்டில் வருவதைவிட நன்றாகவே செய்யலாம். ஸ்ட்ரட் மட்டும் புதியதாக, விசை அச்சிட்டதாக, வாகனத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும்.

வெப்பம் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்கலாம். வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு, அதாவது மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணும் வெப்பநிலைக்கு, ஏற்பக் கூடிக் குறையும். 20 டிகிரியில் 250 நியூட்டன் தருவது, ஓடி நின்ற இஞ்சினுக்குப் பக்கத்தில் 60 டிகிரியில் ஏறத்தாழ 285 தரும். ஜனவரி விடியற்காலையில் உதகையில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு அருகே இறங்கும்போது 233 தரும். தேவை 210 என்பதால் உதகையிலும் பானட் நிற்கும், ஆனால் இருக்கும் மிச்சம் குறைவு. சில ஆண்டுகளில் வாயு கசிந்த பிறகு, சென்னை வெயிலில் கெட்டியாக நிற்கும் பானட் மலைக் குளிரில் மெல்ல இறங்கத் தொடங்கும். ஸ்ட்ரட்டை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இத்தகைய ஸ்ட்ரட்டுகள் பொதுவாக 80 டிகிரி வரை வேலை செய்யும் விதத்தில் செய்யப்படுகின்றன. ஆகவே டர்போவுக்கோ புகைக் குழாய்க்கோ நேர் மேலே அவை வரக் கூடாது. இன்னோவாவில் அவை இரு ஓரங்களிலும் ஃபெண்டரை ஒட்டியே அமைவதால் இந்தச் சிக்கல் எழவில்லை.

ஓரத்தில் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சாலையில் நடப்பவர் மீது வண்டி மோத நேர்ந்தால் தலை வந்து விழும் இடம் பெரும்பாலும் பானட். தகடு உள்ளே அமுங்கி அடியின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே அதற்கும் இஞ்சினுக்கும் இடையே இடம் விடப்படுகிறது. பானட்டின் நடுவே கெட்டியான இரும்பு பிராக்கெட்டுகளை வைப்பது அந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். கையால் செய்துகொள்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பானட் ஸ்ட்ரட் அந்த விவரங்களில் எதையும் தொடுவதில்லை. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் புதிய வண்டியில், கீல் போல்ட்டுகளைக் கழற்றும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்டில் கிரீஸ் தடவக் கூடாது, தூசி அதில் ஒட்டிச் சீலை அறுக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாட்டர் வாஷில் உயர் அழுத்தத் தண்ணீரைச் சீலின் மேல் நேராகப் பீய்ச்ச விடக் கூடாது. செத்துப்போன ஸ்ட்ரட்டைக் காயலான் கடையில் போடும்போது, அதை ஹாக்ஸாவால் அறுக்கவோ தீயில் போடவோ வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். வெளியே தள்ளும் வலு குறைந்த பிறகும் உள்ளே பல பத்து பார் அழுத்தம் மிச்சமிருக்கும்.

பிராக்கெட்டின் அமைப்புக்கும் உலோகத்தின் தரத்துக்கும் இந்தக் கிட்டை வாங்கலாம், 350 நியூட்டன் ஸ்ட்ரட்டுக்காக வாங்கக் கூடாது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே விசை குறைந்த சோடியை மாற்றித் தருவீர்களா என்று கடையில் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் விலை நியாயம். மறுத்தால் பிராக்கெட்டைப் பட்டறையில் செய்துகொண்டு ஸ்ட்ரட்டைத் தனியே வாங்குவது மலிவாகவே முடியும். இரண்டில் எதைச் செய்தாலும் பொருத்தும் கூலி 500 ரூபாயை மிச்சப்படுத்தி, கொக்கித் தராசும் மார்க்கர் பேனாவும் ஒரு செட் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு, பானட்டின் மறு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒருவரைத் துணைக்கு அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.